நாகஸ்வர ஆல்பத்துக்கு உறை செய்யும்போது

கோப்பைத் திறக்கும்போதே அளவைச் சரியாகக் கொடுங்கள். சிடி பெட்டியின் முன்னட்டை 120 × 120 மி.மீ. வெட்டுக்குச் சுற்றிலும் 3 மி.மீ. விட்டால் 126, அதாவது 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 1488 பிக்சல். பின்னட்டை 151 × 118. இதில் இரு ஓரமும் 6.5 மி.மீ. முதுகு, அதாவது பெட்டியின் பக்கவாட்டில் மடியும் பட்டை. முதுகில் வரும் எழுத்தின் தலை இரண்டு பக்கமும் வெளியே பார்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் அலமாரியில் தலைகீழாக நிற்கும்.

இரண்டரை அடி நாயனத்தைச் சதுரத்துக்குள் முழுசாக வைத்தால் குச்சி மாதிரி இருக்கும். அணசையும் (கீழ்முனையில் விரியும் வாய்) கடைசி இரண்டு துளைகளையும் மட்டும் நெருக்கமாக எடுத்த படமே எடுபடும். நாயனம் செய்யும் ஊரான நரசிங்கம்பேட்டையின் ஆச்சாமரக் கட்டையின் ரேகை திரையில் தெரியும், அச்சில் மை அடைத்துக் கரிக்கட்டையாகிவிடும். ஃபோட்டோஷாப்பில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கர்வ்ஸில் நிழல் பகுதியை மட்டும் கொஞ்சம் தூக்கி, மற்ற இடத்தில் அது படாமல் மாஸ்க்கால் மறையுங்கள். பின்னணிக் கறுப்புக்கு, அச்சின் நாலு மையில் (சியான், மஜென்டா, யெல்லோ, கறுப்பு) சதவீதக் கணக்கில் சி60 எம்40 ஒய்40 கே100. சின்ன எழுத்துக்கு கே100 மட்டும் போதும். நாலு கலரில் போனால் ரிஜிஸ்டர் (கலர்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது) இம்மி விலகினாலும் 'ணி', 'ஞ' சுழியெல்லாம் அடைபடும்.

தங்க நிறத்தில் சியான் கலந்தால் சாணி நிறம்தான் வரும். சி0 எம்25 ஒய்90 கே5 வைத்துப் பாருங்கள். நிஜமாகவே மின்ன வேண்டுமென்றால் ஃபாயில்தான், அதாவது மேலே ஒட்டும் மினுமினுப்புத் தாள். அந்த வடிவத்தைத் தனி லேயரில் கே100ஆகக் கொடுங்கள், கிரேடியன்ட் கூடாது.

அதிகம் சொதப்புவது தமிழ் எழுத்து. பழைய ஃபோட்டோஷாப்பில் 'தோடி' அடித்தால் கொம்பு 'த'வுக்குப் பின்னால் போய் நிற்கும். அதில் பிரிஃபரன்சஸ், டைப் போய் வேர்ல்டு-ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுத்து, புதிய கோப்பில் அடியுங்கள். பாமினியில் அடித்தது உங்கள் கணினியில் அழகாக இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத பிரஸ்ஸில் ஆங்கிலக் குப்பையாகத் திறக்கும். அனுப்பும் பிரதியில் எழுத்தையெல்லாம் ஷேப்பாக மாற்றுங்கள். மாற்றாத பிரதி ஒன்று கையில் இருக்கட்டும்: அச்சுக்கு முதல் நாள் ராத்திரி "பேருக்கு முன்னாடி கலைமாமணி போடணுமே தம்பி" என்று போன் வரும்.

பின்னட்டையில் உருப்படி, ராகம், தாளம், இயற்றியவர் என ஒரே வரிசையில் போகட்டும். தவில் வித்வான் பெயரைச் சிறுத்துவிடாதீர்கள், வம்பு.

இணையத்துக்கு 3000 × 3000 ஆர்ஜிபி ஜேபெக் தனியாக எடுங்கள். அதை நகத்தளவு சுருக்கியும் பெயர் படிக்க முடிய வேண்டும்.

கடைசியாக, சாதாரணத் தாளில் நூறு சதவீத அளவில் பிரின்ட் எடுத்து, வெட்டி, முதுகை மடித்துக் காலிப் பெட்டியில் செருகிப் பாருங்கள். எழுத்து மடிப்பில் ஏறினால் இப்போதே தெரிந்துவிடும்.