நர்சரி ரோஜா ஒரே மாதத்தில் பட்டுப்போகிறதா?

பூவோடு பார்த்து ஆசைப்பட்டு வாங்கிய ரோஜா ஒரே மாதத்தில் குச்சியாக நிற்கிறது என்றால், நம் கைராசியைக் குறை சொல்ல வேண்டாம், முதலில் வேரைச் சுற்றியிருக்கும் மண்ணைப் பாருங்கள். நர்சரி ஒட்டுச்செடிகள் (காட்டு ரோஜாவின் தண்டில் நல்ல ரோஜாவை ஒட்டி வளர்த்தவை) பலவற்றில் செம்மண் உருண்டையாக இறுகியிருக்கும். நாம் ஊற்றும் தண்ணீர் அதன் ஓரமாகவே வழிந்துவிடும், உள்ளே வேர் காய்ந்துபோகும்.

வாங்கி வந்த அன்றே தொட்டி மாற்றாதீர்கள். ஒரு வாரம் நம் வீட்டு வெயிலுக்குப் பழகட்டும். அப்புறம் கவரைக் கிழித்து, உருண்டையைத் தண்ணீர் வாளியில் கால் மணி நேரம் வைத்தால் ஓரத்து மண் தானாகக் கரையும். அதுவே போதும், முழுதும் உதிர்த்தால் வேர் அறுந்துவிடும். 12 அங்குலத் தொட்டியில் செம்மண்ணோடு நன்றாக மக்கிய ஆட்டு எருவும் கொஞ்சம் மணலும் கலந்து நடுங்கள்.

நடும்போது ஒட்டு இருக்கும் இடத்தைத் தேடிப் பாருங்கள், தண்டில் முடிச்சுபோல் புடைத்திருக்கும். அது மண்ணுக்கு இரண்டு விரல் மேலே இருக்க வேண்டும். ஒட்டைச் சுற்றிக் கட்டிய பிளாஸ்டிக் நாடா இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தால் பிளேடால் கீறி எடுத்துவிடுங்கள். ஒட்டுக்குக் கீழேயிருந்து கிளம்பும் துளிர் காட்டுச்செடியுடையது. மளமளவென்று நீளமாக வளரும், நாம் வாங்கிய பூ அதில் வராது. என் முதல் செடியில் அதை ஒடிக்காமல் விட்டேன், மேலே இருந்த நல்ல செடி மெலிந்து மெலிந்து போயே போய்விட்டது. இன்றும் அது வருத்தம்தான்.

பூ வாடியதும் பூவை மட்டும் கிள்ளக் கூடாது. கீழே ஐந்து இதழாகப் பிரிந்த இலை வரை போய், வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டுங்கள். வெட்டிய வாயைப் பாருங்கள். வெள்ளையாகவோ இளம்பச்சையாகவோ இருந்தால் சரி. நடுவில் பழுப்பு தெரிந்தால் கருகல் உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம், பழுப்பு மறையும் வரை இன்னும் கீழே வெட்டத்தான் வேண்டும், மனசு கேட்காவிட்டாலும்.

ஆறு மணி நேர வெயில் கட்டாயம். தண்ணீர் காலையில், இலையில் படாமல் அடியில். புதுத்துளிர் வந்த பிறகு, ஒரு கைப்பிடி கடலைப் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, தெளிந்ததைப் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து 15 நாளுக்கொரு முறை ஊற்றலாம்.

கோடையில் இலை மங்கி, அடியில் மெல்லிய வலை தெரிந்தால், சாறு உறிஞ்சும் சிறு பேனான செம்பேன் வந்திருக்கிறது. இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, ஒரு லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகிவிடும்.