மீனைத் தின்னும் விலங்கும் குறையும் மீன்வளமும்: கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழகக் கரையில் கடல்நாய்கள் (சீல்) கிடையா. ஆயினும் நாகப்பட்டினம், தரங்கம்பாடி, பழையாறு துறைகளில் மீன்பாடு குறையும்போது ஓங்கில் (டால்பின்) மீதும், கொள்ளிடக்கரை மீன்குளங்களில் நீர்நாய் மீதும் விழும் பழி, வட அட்லாண்டிக் மீனவர்கள் கடல்நாய் மீது சுமத்தும் பழியை ஒத்ததே. அங்கே பல பத்தாண்டுகளாக நடந்த ஆய்வுகளும் சச்சரவுகளும் டெல்டாவுக்கும் உதவும்.

முதலாவதும் பெரியதுமான தவறு, குளத்துக் கணக்கைக் கடலுக்குப் போடுவது. கட்லாவும் ரோகுவும் விட்ட குளத்தில் நீர்நாய் தின்ற மீன் ஏறக்குறைய முழுவதும் வளர்ப்பவரின் நட்டமே. கடலில் அப்படியன்று. விலங்குகளின் எண்ணிக்கையை அவை நாளொன்றுக்குத் தின்னும் எடையால் பெருக்கி, வந்த தொகை முழுவதையும் மீனவரின் இழப்பாக எழுதுவோர், அம்மீன்களில் பெரும்பகுதி வேறு மீனுக்கு இரையாகியோ நோயுற்றோ எப்படியும் மடிந்திருக்கும் என்பதை விட்டுவிடுகிறார்கள். தென்னாப்பிரிக்கா, நமீபியாக் கடலில் ஹேக் மீனில் இரண்டு இனங்கள் உண்டு. ஆழம் குறைந்த நீரில் வாழும் இனத்தின் பெரிய மீன்கள் ஆழ்நீர் இனத்தின் சிறு மீன்களையும், தம் இனத்துச் சிறு மீன்களையும் தின்கின்றன. கேப் கடல்நாய்கள் அந்த ஆழம் குறைந்த நீரின் ஹேக்கை வேட்டையாடுவதால், கடல்நாயைக் கொன்று குறைத்தால் ஹேக் பிடிப்பு கூடும் என்ற எதிர்பார்ப்பை 1990களின் கணித மாதிரிகள் உறுதிசெய்யவில்லை. கடல்நாய் குறைந்தால் அந்தப் பெரிய ஹேக் பெருகிச் சிறு ஹேக்கை மேலும் தின்னும்; அதனால் பிடிப்பு குறையலாம் என்றே அவை காட்டின.

வலையில் நேரும் சேதத்தையும் கடலில் மீன்வளம் குறைவதையும் ஒன்றாக்குவது அடுத்த தவறு. செவுள்வலையை இழுக்கும்போது கண்ணியில் வஞ்சிரத்தின் தலை மட்டும் தொங்க, உடல் கடித்து எடுக்கப்பட்டிருப்பதும், அதைச் சுற்றி வலை கிழிந்திருப்பதும் அந்தப் படகுக்கு உண்மையான இழப்புதான். அதை யாரும் மறுக்கக் கூடாது. ஆனால் பிடிபட்ட மீனுக்கு நேர்ந்த அந்தச் சேதத்தை வைத்துக் கடலில் எஞ்சியுள்ள மீனின் அளவை அறிய முடியாது.

மீன்வளம் அழிந்ததற்கான காரணத்தையும் அது மீள்வதற்கான தடையையும் குழப்புவோர் மீனவர், சூழல் ஆர்வலர் என இரு தரப்பிலும் உள்ளனர். நியூஃபவுண்ட்லாந்தின் காட் மீன்வளம் அழிந்து, 1992 ஜூலையில் கனடா அரசு அம்மீன்பிடிப்பை நிறுத்தியபோது பல்லாயிரம் பேர் வேலை இழந்தனர். அந்த அழிவின் முதன்மைக் காரணம் அளவுமீறிய மீன்பிடிப்பே, கடல்நாய் அன்று. இதைச் சொல்லிவிட்டு, கடல்நாயால் ஒருபோதும் கேடில்லை என்று சூழல் ஆர்வலர்கள் முடிப்பதும் பிழைதான். கனடாவின் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவின் தென்பகுதியில், மீன்பிடிப்பு மிகவும் குறைக்கப்பட்ட பின்னரும் பெரிய காட் மீன்கள் தொடர்ந்து மடிந்துவர, பெருகிவிட்ட சாம்பல் கடல்நாய்களே அதற்கு முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ஏற்கெனவே நலிந்த கூட்டத்தை இரைகொல்லி எழவிடாமல் அழுத்தக்கூடும்.

வயிற்றில் கிடைத்ததை அப்படியே நம்புவதும் ஆகாது. கடல்நாயின் உணவை அறிய, மீனின் தலைக்குள் இருந்து செரிமானத்தில் எஞ்சும் காதுக்கற்களை எண்ணுவது வழக்கம். பெரிய மீனின் வயிற்றுப் பகுதியை மட்டும் கடித்துவிட்டுத் தலையை விட்டுவிட்டால் கல்லே கிடைக்காது. சிறு மீனின் கல்லோ கரைந்துபோகும்.

கடைசியாக, தீர்வில் நேரும் தவறு. ஓங்கிலும் நீர்நாயும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை; நஞ்சு வைப்பதும் கண்ணி வைப்பதும் தண்டனைக்குரிய குற்றம். குளத்துக்கு, அடிப்பகுதி மண்ணுள் புதைந்த கம்பிவலை வேலி பொருந்தும். கடலில் வலையை நெடுநேரம் ஊறவிடாமல் விரைந்து இழுப்பது இழப்பைக் குறைக்கும். நிவாரணம் கேட்போர் வலை கிடந்த நேரம், இடம், எஞ்சிய தலைகளின் எண்ணிக்கை, முழுதாய்க் கிடைத்த மீனின் எடை ஆகியவற்றை அன்றன்றே குறித்துவைக்க வேண்டும். ஒன்றும் கடிபடாத நாள்களையும் எழுதாவிட்டால் அந்த ஏட்டிலிருந்து இழப்பின் உண்மை அளவை அறிய முடியாது.