கல்யாணக் கார்டு: ஆளை எண்ணாதீங்க, வீட்டை எண்ணுங்க

தங்கச்சி கல்யாணத்துக்கு 600 கார்டு அடிச்சோம். எல்லாம் முடிஞ்சு பார்த்தா, பரண்மேல 140 மிச்சம்! ஆள் கணக்குல எழுதினதுதான் தப்பு. வீட்டுக்கு ஒண்ணு போதும். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம்னு ஊர்வாரியா நோட்டுல எழுதிட்டு, அதுக்குமேல ஒரு 20 கூட்டிச் சொல்லுங்க.

ரொம்பவும் குறைச்சிடாதீங்க. பிறகு 50 மட்டும் தனியா அடிக்கப் போனா, ஆஃப்செட் அச்சுல பிளேட் (அச்சுத் தகடு), மெஷின் செலவு மறுபடியும் முதல்ல இருந்து வரும். தங்க ஃபாயில் வேண்டாம். பிள்ளையாரோ சிலுவையோ, ஒரே கலர்லயே அழகாத்தான் இருக்கும்.

அச்சடிக்கிறதுக்கு முன்னாடி பிரஸ்ல தர்ற மாதிரிப் பிரதியை (புரூஃப்) வீட்டுப் பெரியவர் ஒருத்தரைச் சத்தமா வாசிக்கச் சொல்லுங்க. எங்க கார்டுல முகூர்த்தம் 'காலை'க்குப் பதிலா 'மாலை'ன்னு வந்துட்டுது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து, 600லயும் பேனாவால திருத்தினோம்.