கால்சைன் சொல்லும்போது செய்யக் கூடாதவை

செங்கோட்டை, தென்காசிப் பக்கம் புதிதாக ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) லைசென்ஸ் வாங்கியவர்களின் குரல் இப்போது ரிப்பீட்டரில், அதாவது நம் குரலை வாங்கித் தூரத்துக்கு மறுபடி அனுப்புகிற நிலையத்தில், நிறையவே கேட்கிறது. சந்தோஷம்தான். ஆனால் சாயங்காலம் வயர்லெஸ் செட்டைப் போட்டால், எங்கள் கூட்டத்தில் எல்லோரும் ஆரம்பத்தில் செய்து, பெரியவர்களிடம் திட்டு வாங்கி விட்டொழித்த அதே தப்புகள் வரிசையாகக் காதில் விழுகின்றன. கால்சைனே (லைசென்ஸோடு ஒவ்வொருவருக்கும் தருகிற அடையாளக் குறி) சொல்லாமல் பேசுவது, அடுத்தவர் கால்சைனை எடுத்துக்கொள்வது இதெல்லாம் தப்பு என்று எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். தெரியாமலே செய்கிற சிலதைத்தான் எழுதுகிறேன்.

பட்டனை அழுத்திய கையோடு பேசுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பேசுவதற்காக நீங்கள் மைக்கில் இருக்கிற பி.டி.டி. பட்டனை அழுத்துகிறீர்கள். அந்த நொடியே உங்கள் குரல் மலைக்கு அந்தப் பக்கம் போய்விடாது. முதலில் உங்கள் செட் ஒலிபரப்புக்கு மாற வேண்டும். அப்புறம் அது கூடவே அனுப்புகிற டோனை (அடையாள ஒலியை) ரிப்பீட்டர் கேட்டு, சரியான டோன்தான் என்று அடையாளம் கண்டு, தன் டிரான்ஸ்மிட்டரைத் திறக்க வேண்டும். பிறகு கேட்பவருடைய செட்டில், யாரும் பேசாதபோது இரைச்சலை அடைத்து வைக்கிற ஸ்க்வெல்ச் திறக்க வேண்டும். அவர் கையடக்க செட்டில் பேட்டரி சேவ் போட்டு வைத்திருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் அந்த செட் தூங்கித் தூங்கி விழித்துத்தான் கேட்கும். எல்லாம் சேர்ந்து ஒரு நொடிக்குள் முடிந்துவிடும், ஆனால் அந்த ஒரு நொடிக்குள் நீங்கள் கால்சைனின் தொடக்கமான வியூ3 என்பதை "விக்டர் யூனிஃபார்ம் த்ரீ" என்று சொல்லி முடித்திருப்பீர்கள்.

விக்டர் யூனிஃபார்ம்தானே, இந்தியாவில் எல்லோருக்கும் அதுதானே, போனால் போகட்டும் என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டார். போகட்டும் என்று விட முடியாது. விக்டர் யூனிஃபார்முக்கு அடுத்து வருகிற எண்தான் விஷயம். பொதுவாக லைசென்ஸில் ஜெனரல் கிரேடுக்கு 2, ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு 3. கடைசி எழுத்துகள் அப்படியே ஒன்றாக இருந்து, ஒருவர் வியூ2, இன்னொருவர் வியூ3 என்று இரண்டு பேர் இருக்கலாம். எண் காதில் விழவில்லை என்றால் இரண்டு ஆளும் ஒரே ஆள்தான்.

எங்கள் பக்கம் நடந்ததைச் சொல்கிறேன். கார்த்திகை மாதம், நல்ல மழை, மாலை போட்டவர்களின் வேன்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்த ராத்திரி. புளியரைக்கு மேலே மலைப்பாதையில் ஒரு மரம் சாய்ந்துவிட்டது. ரிப்பீட்டரில் நெட் கூட்டினோம், அதாவது ஒருவர் (நெட் கண்ட்ரோல்) நடத்த, மற்றவர்கள் முறை வைத்துப் பேசுவது. புளியரையில் இருந்த தம்பி வியூ3. தென்மலையில் ஒரு சேட்டன் இருக்கிறார், அவர் வியூ2. கடைசி மூன்று எழுத்தும் இரண்டு பேருக்கும் ஒன்று. தம்பி பதற்றத்தில் பட்டனை அழுத்தியதுமே பேசினார். எங்களுக்குக் கேட்டது அந்த மூன்று எழுத்தும், "எங்க பக்கம் மரம் விழுந்து கிடக்கு, ஒரு வண்டியும் போகாது" என்பதும்தான். நெட் கண்ட்ரோலில் இருந்த அண்ணாச்சிக்கு சேட்டனைப் பல வருடமாகத் தெரியும், தம்பியின் குரல் பழக்கமில்லை. தென்மலை என்று எழுதிவிட்டார். கேரளப் பக்கத்து ஆட்கள் தென்மலைக்கும் ஆரியங்காவுக்கும் நடுவில் இல்லாத மரத்தைத் தேடினார்கள். செங்கோட்டையில் ரம்பத்தோடு தயாராக நின்றவர்களை "அவங்க பாத்துக்குவாங்க" என்று நிறுத்தி வைத்தாயிற்று. குழந்தைகளோடு வந்த வேன்கள் வளைவில் நனைந்துகொண்டு நின்றன. சேட்டன் தானாக மைக்கை எடுத்து "நான் ஒண்ணும் சொல்லலியே" என்று சொன்ன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

அந்தத் தம்பி கால்சைனை முழுசாகச் சொன்னேன் என்று அடித்துச் சொன்னார். உண்மைதான், சொன்னார். காற்றில் ஏறவில்லை, அவ்வளவுதான். இதனால்தான் இந்தத் தப்பு இத்தனை காலமாகப் போகாமல் இருக்கிறது. செய்கிறவர் காதுக்கு அது தெரியவே தெரியாது.

செய்ய வேண்டியது சின்ன விஷயம். அழுத்துங்கள், ஒரு மூச்சு விடுங்கள், அப்புறம் பேசுங்கள். நெட் நடக்கும்போது பேட்டரி சேவை அணைத்து வையுங்கள். பக்கத்து ஊர் நண்பரை அவர் செட்டிலிருந்து உங்கள் குரலைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் விக்டர் எங்கே போனது என்று நீங்களே கேட்கலாம்.

கடைசி இரண்டெழுத்து மட்டும்

ஷார்ட்வேவில் தூரத்து நிலையத்தைப் பிடிக்கப் பலர் முட்டி மோதும்போது சிலர் கடைசி இரண்டெழுத்தை மட்டும் கத்துவார்கள். நேரம் மிச்சம் என்று நினைப்பு. அந்தத் தூரத்து நிலையத்துக்காரர் எப்படியும் முழு கால்சைனைத் திரும்பக் கேட்டாக வேண்டும், ஒரு சுற்று வீண். முன்னெழுத்து இல்லாவிட்டால் நீங்கள் எந்த நாடு என்பதே தெரியாது. நம் கரையில் ராத்திரி கேட்பவர்களுக்கு 4எஸ் என்றதும் இலங்கை, ஏ6 என்றதும் அமீரகம், வியூ7 என்றதும் லட்சத்தீவு என்று ஆள் தெரிந்துவிடும். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் போர்ட் பிளேரிலிருந்து வியூ4ஆர்பிஐ என்ற கால்சைனில் பேசிக்கொண்டிருந்தார். 26ஆம் தேதி சுனாமி வந்து தொடர்புகள் அறுந்தபோது அங்கிருந்து செய்திகளைக் கடத்தியதும் அவர்தான். வியூ4 என்று கேட்டவுடனே அது அந்தமான் என்று உலகத்தில் எந்த ஹாமுக்கும் தெரியும்.

யார் கால்சைன் முதலில்?

கூப்பிடப்படுகிறவருடையது. தன் கால்சைன் காதில் விழுந்ததும் ஆள் நிமிர்ந்து உட்காருவார், அடுத்து நீங்கள் சொல்வது உங்களுடையது என்பதால் அதைச் சரியாகப் பிடித்துக்கொள்வார். மாற்றிச் சொன்னால் "கூப்பிட்டது யாரு?" என்று ஆரம்பிக்க வேண்டியதுதான்.

சொந்தமாகக் கண்டுபிடித்த எழுத்து அடையாளம்

பி, டி, ஈ, ஜி, வி எல்லாம் இரைச்சலில் ஒன்றுபோலத்தான் கேட்கும், அதற்காகத்தான் பிராவோ, டெல்டா, எக்கோ என்று உலகப் பொது வரிசை ஒன்று இருக்கிறது. ஊர்ப் பேரும் காய்கறிப் பேரும் வேண்டாம்.

அரை மணி நேரம் பேசிவிட்டு ஒரே ஒரு தடவை சொல்வது

பேச்சின் நடுவே "குறுகிய இடைவெளிகளில்" கால்சைன் சொல்ல வேண்டும் என்பது சர்வதேச வானொலி விதி. அமெரிக்காவில் இதைக் குறைந்தது 10 நிமிடத்துக்கு ஒரு முறை, முடிக்கும்போதும் ஒரு முறை என்று எண் போட்டே எழுதியிருக்கிறார்கள். அந்த 10 நிமிடத்தை நாமும் பழக்கமாக்கிக்கொள்ளலாம். நடுவில் செட்டைப் போட்டவருக்கு யார் பேசுகிறார்கள் என்று தெரிய வேண்டாமா?

எஃப்டி8 செட்டிங்கைப் பார்க்காமல் விடுவது

எஃப்டி8 என்பது கம்ப்யூட்டர் வழியாகச் சின்னச் சின்னச் செய்தி அனுப்புகிற முறை. 15 விநாடித் துண்டுகளாகக் கம்ப்யூட்டரே அனுப்புகிறது. நண்பரிடமிருந்து அப்படியே நகலெடுத்த செட்டிங் என்றால் கால்சைனும் கட்டமும் (வரைபடத்தில் நம் இடத்தைக் காட்டும் குறி) அவருடையவையாகவே போய்க்கொண்டிருக்கும். செங்கோட்டைக்கு எம்ஜே88. கொல்லத்துக்கும் அதேதான், தேனிப் பக்கத்துக் கம்பத்துக்கு மட்டும் எம்ஜே89. மாநில எல்லையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

சொல்லாமல் கிளம்புவது

"73" (வாழ்த்துச் சொல்லி விடைபெறும் குறி) சொல்லிவிட்டு அணைத்துவிடுகிறார்கள். கடைசியிலும் கால்சைன் சொல்லுங்கள், அப்போதுதான் நெட் கண்ட்ரோல் பட்டியலில் உங்கள் கால்சைனை அடித்துவிட முடியும். இல்லையென்றால் உங்கள் பேட்டரி தீர்ந்ததா, மழையில் எங்கேயாவது மாட்டிக்கொண்டீர்களா என்று ராத்திரி பூராவும் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்.