எண்முறைக் கணிதத்தில் பேராசிரியராக வர விரும்பும் டர்பன் பிள்ளைகளுக்கு

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது எந்தப் பல்கலைக்கழகத்தில் சேரலாம் என்பதைத்தான். அதைப் பிறகு பார்ப்போம். எண்முறைக் கணிதம் என்பது கணினியில் தோராயமாக விடை காணும் கணிதம். அதனால் முதலில் பிழையோடு, அதாவது கணினி தரும் விடைக்கும் சரியான விடைக்கும் உள்ள வித்தியாசத்தோடு, பழகுங்கள்.

இன்றைக்கே பைத்தானைத் திறந்து, சைன் சார்பின் வகைக்கெழுவை 1 என்ற புள்ளியில் முன்னோக்கு வித்தியாச முறையில் கணக்கிடுங்கள்: h என்பது படிநீளம் என்றால், (sin(1+h) − sin 1)/h. சரியான விடை 0.5403. படிநீளத்தை 0.1, 0.01, 0.001 என்று குறைத்தால் பிழையும் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துகொண்டே வரும். 10⁻⁸ பக்கம் போனதும் நின்றுவிடும். இன்னும் குறைத்தால் பிழை ஏற ஆரம்பிக்கும். 10⁻¹⁶இல் விடையே பூஜ்யம்! கணினி சுமார் 16 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும். 1உடன் 10⁻¹⁶ஐக் கூட்டினாலும் அதற்கு அது வெறும் 1தான். பிழையை மடக்கை அச்சுகளில் வரைந்து, கோடு ஏன் அந்த இடத்தில் திரும்புகிறது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அப்படி எழுதத் தெரிந்த பிள்ளையை எந்த ஆய்வு வழிகாட்டியும் விடமாட்டார்.

இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 0.1ஐ இரும எண்ணில் முழுசாக எழுத முடியாது. 1991இல் சவுதி அரேபியாவின் தஹ்ரானில், வரும் ஏவுகணைகளைத் தடுக்கும் பேட்ரியட் அமைப்பின் கடிகாரம் 100 மணி நேரத்தில் சுமார் 0.34 நொடி விலகியது அதனால்தான். வந்த ஏவுகணையை அது தடுக்கத் தவறியது. 28 பேர் செத்தார்கள்.

இனி படிப்பு. இளநிலை 3 வருஷம், ஹானர்ஸ் 1 வருஷம், அப்புறம் முதுநிலை, முனைவர் பட்டம். அந்தக் காலத்தில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிவைத்த டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம், 2004இல் நட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகம் ஆனது. நம் பிள்ளைகளுக்கு வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. கேப் டவுன் பக்கம் மியூசன்பெர்க்கில் 2003 முதல் நடக்கும் எய்ம்ஸ் (AIMS) என்ற ஆப்பிரிக்கக் கணித அறிவியல் நிறுவனத்தையும் பாருங்கள். வழிகாட்டியைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். அவர் கட்டுரையில் உள்ள ஒரு வரைபடத்தையாவது நீங்களே நிரல் எழுதி மறுபடி வரைந்து கொண்டுபோங்கள். மதிப்பெண் பட்டியலைவிட அது பேசும்.

முனைவர் பட்டம் வாங்கி 5 வருஷத்துக்குள், 40 வயதைத் தாண்டாமல் இருந்தால், தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை இளம் ஆய்வாளர்களுக்குத் தரும் ‘ஒய்’ தரநிலைக்கு விண்ணப்பிக்கலாம். தள்ளிப்போடாதீர்கள்.

பெரிய கணக்குகளுக்குக் கேப் டவுன் உயர்திறன் கணிப்பு மையம் இருக்கிறது. வழிகாட்டி மூலம் அங்கே பயனர் கணக்குத் திறந்துகொள்ளலாம். நீண்ட ஓட்டம் எதுவானாலும் இடைநிலை விடைகளை அவ்வப்போது கோப்பில் சேமிக்கும்படி நிரல் எழுதுங்கள். வீட்டுக் கணினியில் ஓட்டினால் கரண்ட் போகும் நாளில் இன்னும் அவசியம்.