அகல வரிசை மக்காச்சோளம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னைக்கு வடக்கே செங்குன்றம், சோழவரம், மீஞ்சூர் பக்கங்களில் இன்னும் மனைகளாகாமல் எஞ்சியிருக்கும் நிலங்களில், இயற்கை முறையில் மக்காச்சோளமும் பயறும் சேர்த்து விளைவிக்க நினைப்பவர்கள், வழக்கமான 60 செ.மீ. வரிசையை 120 செ.மீ. வரை அகலப்படுத்தி, நடுவில் ஊடுபயிர் போடலாம். நடுவே விழும் வெயிலுக்காகத்தான் இந்த ஏற்பாடு. அதற்கேற்ப மற்றவற்றை மாற்றாமல் வரிசையை மட்டும் விலக்குவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

எல்லாவற்றிலும் கேடானது செடி எண்ணிக்கையைக் கோட்டைவிடுவது. 60 செ.மீ. வரிசையில் 25 செ.மீ.க்கு ஒரு செடி என்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ 27,000 செடிகள் நிற்கும். வரிசையை 120 செ.மீ. ஆக்கிவிட்டு, செடிக்குச் செடி அதே 25 செ.மீ. விட்டால் அது பாதியாகிவிடும். ஊடே போட்ட உளுந்து அந்த இழப்பை எளிதில் ஈடுகட்டாது. செடி இடைவெளியை 12 அல்லது 13 செ.மீ.க்கு நெருக்கினால்தான் பழைய எண்ணிக்கை கிடைக்கும். அப்போதும் செடிகள் ஒன்றோடொன்று போட்டியிடுவதால் கதிர் சற்றுச் சிறுக்கும் என்பதை ஒத்துக்கொண்டே இதில் இறங்க வேண்டும்.

நெருங்கி நிற்கும் தண்டு மெலிந்து ஓங்கும்; ஐப்பசி, கார்த்திகைக் காற்றில் எளிதில் சாயும். வேரில் தண்ணீர் நிற்பதையும் மக்காச்சோளம் பொறுக்காது என்பதால், மழைக்காலத்தைத் தவிர்த்துத் தைப் பட்டத்தில் விதைப்பதே இந்தப் பகுதிக்கு நல்லது. ஆனால் தைப் பட்டம் கிணற்று நீரை நம்பியது. மீஞ்சூரைச் சுற்றி நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் உட்புகுந்திருப்பது ஊரறிந்தது. உப்பு நீரைப் பாசிப்பயறும் தாங்காது, மக்காச்சோளமும் அதிகம் தாங்காது. விதை வாங்குவதற்கு முன்பே தண்ணீரைப் பரிசோதித்துவிட வேண்டும்.

அகன்ற இடைவெளியைச் சும்மா விட்டால் கோரையும் அருகம்புல்லும் அதைத் தமதாக்கிக்கொள்ளும். முதல் களையை எடுத்த கையோடு ஊடுபயிரை விதைத்துவிட வேண்டும். கொடியோடும் தட்டைப்பயறு தண்டில் ஏறிச் செடியையே வளைத்துவிடும்; நின்று காய்க்கும் இரகமாகப் பார்த்து வாங்குவது உத்தமம்.

பயறு இருக்கிறதே என்று தொழுவுரத்தைக் குறைப்பது இன்னொரு தவறு. பயறு வேர் முடிச்சில் சேரும் தழைச்சத்தில் பெரும்பங்கு அதே பருவத்தில் பக்கத்துச் செடிக்குப் போவதில்லை. பயறுச் செடியை மண்ணில் மடக்கி, அது மட்கிய பிறகே அடுத்த பயிருக்குக் கிடைக்கும். மக்காச்சோளமோ முழங்கால் உயரத்திலிருந்து ஆண் பூ வரும்வரை தழைச்சத்தை அள்ளிக் குடிக்கும். மாதவரம் பக்கத்து மாட்டுத் தொழுவங்களிலிருந்து வாங்கும் சாணத்தை, பச்சையாகப் போடாமல், நன்றாக மட்கவைத்து முன்கூட்டியே இட வேண்டும்.

2018இல் இந்தியாவுக்குள் வந்த அமெரிக்கன் படைப்புழு விஷயத்தில் இலையின் மேற்பரப்பை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது போதாது. புழு குருத்துக்குள் இருக்கும். மரத்தூள் போன்ற எச்சம் குருத்தில் தெரிந்தால் அதுதான் அடையாளம். வேப்பெண்ணெய்க் கரைசலைக் குருத்துக்குள் இறங்கும்படி, புழு சிறிதாக இருக்கும்போதே, மாலை வேளையில் தெளிக்க வேண்டும். புழு பெருத்தபின் தெளிப்பதால் பலன் குறைவு.

கடைசியாக, சிறு நிலத்தில் ஒன்றிரண்டு நீண்ட வரிசைகளாக நடாமல், குறைந்தது நான்கு வரிசைகள் கொண்ட கட்டமாக நட வேண்டும். மகரந்தம் காற்றில் பறந்துதான் கதிர் நுனியில் தொங்கும் பட்டிழையில் விழுகிறது. காற்று வீசும் திசை மாறினால் ஒற்றை வரிசையில் கதிரெல்லாம் மணி பிடிக்காமல் பொக்கையாகிவிடும்.