பனி நிலவுப் படங்கள்: கண் ஏமாறும் இடங்கள்

வெளுப்பாக இருந்தால் மேடு, கறுப்பாக இருந்தால் பள்ளம். பனி நிலவுகளின், அதாவது பனிக்கட்டி மூடிய நிலவுகளின், படத்தைப் பார்த்ததும் நம்மில் பலர் போடும் முதல் கணக்கு இதுதான், பெரும்பாலும் தப்பு. ஒரு படத்தில் நிழலும் நிறமும் கலந்தே இருக்கின்றன. இரண்டையும் பிரிக்க, சூரியன் எந்தப் பக்கம் நின்றது என்று முதலில் பாருங்கள். வெயில் சாய்வாக விழுந்தால் சின்ன மேடுகூட நீள நிழல் போடும். சூரியன் கேமராவுக்கு நேர் பின்னால் இருந்தால் நிழலே இருக்காது. தெரிவது பரப்பின் இயல்பான வெளுப்பு மட்டும். அந்தப் படத்தை வைத்து ‘மேடுபள்ளமே இல்லை’ என்று சொல்லிவிடக் கூடாது.

ஒளி கீழிருந்து வரும் படத்தில் குழி குன்றாகத் தெரியும். நம் கண் ஒளி மேலிருந்துதான் வரும் என்று நம்பிப் பழகியது. படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் போதும், குன்று குழியாகிவிடும்.

நிறத்தை நிழல் என்று நம்ப வைப்பதில் சனிக் கோளின் நிலவான இயாபெட்டஸ் பெரிய வில்லன். 1671-இல் இதைக் கண்டுபிடித்த வானியலாளர் காசினிக்கு, சனியின் மேற்கே நின்றபோதுதான் இது தெரிந்தது. கிழக்கே போனதும் காணாமல் போனது. சுற்றுப்பாதையில் முன்னோக்கிய பாதி, விழும் ஒளியில் சுமார் 5% மட்டுமே திருப்புகிறது. மறுபாதி அதைப்போல் பத்து மடங்கு. அதற்காகக் கறுப்புப் பாதியைப் பாறை என்று நினைக்க வேண்டாம். வெளியிலிருந்து வந்து படிந்த மெல்லிய தூசி அது. கறுத்த இடம் கூடுதலாகச் சூடாகிறது, அங்கிருந்த பனி ஆவியாகிக் குளிர்ந்த இடங்களில் போய் உறைகிறது. கறுப்பு மேலும் கறுக்கிறது. சிறு கற்கள் மோதிய இடங்களில் அடியிலுள்ள வெள்ளைப் பனி எட்டிப் பார்க்கிறது. கறுப்பும் வெளுப்பும் சந்திக்கும் எல்லைப் பகுதிக் குழிகளில்தான் நான் அதிகம் தடுமாறியிருக்கிறேன்: நடுக்கோட்டைப் பார்த்த சுவர் கறுப்பு, துருவத்தைப் பார்த்த சுவர் வெளுப்பு. நிழல் என்று அடித்துச் சொல்லத் தோன்றும், அது தூசி.

சனியின் இன்னொரு நிலவான என்செலடஸின் எதிரொளிப்பு எண் (ஒளியை எவ்வளவு திருப்புகிறது என்பதன் அளவு) சுமார் 1.4 என்றதும், விழுந்ததைவிட அதிக ஒளி வருகிறது, அது சொந்தமாக ஒளிர்கிறது என்று சிலர் கிளம்பிவிடுகிறார்கள். எல்லாத் திசையிலும் ஒரே சீராக ஒளியைச் சிதறடிக்கும் வெள்ளைத் தட்டுடன் ஒப்பிட்டுச் சொல்லும் எண் அது. பனித்துகள்கள் ஒளியை வந்த வழியே கூடுதலாகத் திருப்புவதால் ஒன்றைத் தாண்டுகிறது. மொத்த ஒளியில் திரும்புவது சுமார் 80% தான்.

இன்னொன்று, தொலைவிலிருந்து எடுத்த படத்தை நம்பி முடிவு கட்டுவது. சனியின் மற்றொரு நிலவான டையோனியின் வெள்ளைக் கீற்றுகளை 1980-இல் வாயேஜர் விண்கலம் காட்டியபோது உறைபனிப் படிவு என்ற எண்ணமே வலுவாக இருந்தது. 2004-இல் காசினி விண்கலம் கிட்டப் போய்ப் பார்த்தது: நிலவின் மேலோடு பிளந்து உண்டான பனிச் செங்குத்துச் சரிவுகள்.